பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் பாட்டு

மகனே,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். நேரில் வந்தால், ரம்யாவுக்குச் சட்னி வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாய். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவனைக் கையைப் பிடித்து உட்கார வைக்கவும் முடியாது. அதனால்தான் நம் பேட்டைச் சங்கத்தின் மாத இதழில் எழுதுகிறேன். ஆசிரியர் தயங்கினார். "குடும்ப விஷயத்தைப் பத்திரிகையில போடறதா அம்மா?" என்றார். "இது குடும்ப விஷயம் இல்ல சார், ஒரு தெருவோட விஷயம். என் பையன் வீட்டுல பேசினா கேக்கமாட்டான். நாலு பேரு படிச்சா கேப்பான்" என்றேன். இனி நீ எந்த மீட்டிங்கில் இருந்தாலும் யாராவது ஒருவர் உன்னிடம் இதைக் காட்டத்தான் போகிறார்கள்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜீவனஹள்ளியில் உன் அப்பா கேபிள் நடத்துகிறார். அந்தக் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறேன். நம் மாடி அறையில் ஒரு பழைய புடவையைப் பின்னால் கட்டிவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா முன்னால் உட்கார்ந்து, வருகிற போனை எடுத்துப் பேசி, கேட்ட பாட்டைப் போடுவது. இப்போது உன் அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மாடி மாடியாக ஏறி வயரைப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு பெரிய கம்பெனி நம் வயர்களை எடுத்துக்கொள்ளப் போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் நிகழ்ச்சியை நீ இன்டர்நெட்டுக்கு மாற்றிவிட்டாய். மாற்றியதோடு நிற்காமல், அந்தக் கம்பெனிக்காரரிடம் போய் நம் லோக்கல் சேனல் தேவையில்லை என்று சொல்லியும் விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனிதர் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் எனக்கே தெரியும். "மேடம், ஒரு சேனல் உங்களுக்குன்னு விட்டுத் தர்றதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க சன்தான் வேண்டாம்னாரு" என்று காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கேபிள் நடத்துகிறவர்கள் போஸ்ட் ஆபீசில் பதிய வேண்டும், நம்முடையதைப் பதிவு செய்தது என் பெயரில் என்பது உனக்கு மறந்திருக்கும். அன்று உன் அப்பாவுக்குக் காய்ச்சல், வரிசையில் நின்றது நான். ஆகையால் என் கையெழுத்து இல்லாமல் ஒரு முழம் வயர்கூட அந்தக் கம்பெனிக்குப் போகாது. "ஏம்மா இப்படி அடம் பிடிக்கறே, போட்டுக் குடேன்" என்று நீ கத்தினாய். சேனல் எங்கள் தெருவுக்கு இருக்கும் என்று அவர்களிடம் நீயே திரும்பப் போய்ச் சொன்னால் போட்டுக் கொடுக்கிறேன். சொல்லாவிட்டால் மாட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள், இந்த டெக்னாலஜி எனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறாய். கேமராவைப் பிடிக்கவும், டேப்பைச் சரியான இடத்தில் நிறுத்தி வைக்கவும், கன்னடம் படிக்கவும் எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே கன்னடம் படித்தவள் நான். நீ செய்திருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. உனக்குத்தான் புரியவில்லை.

உன் அப்பா கேபிள் போட்டது தொண்ணூற்றொன்றில். அந்த வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீரின் பேரில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அப்போது சின்னப் பையன். நம் தெருவில் யாரும் யாரையும் தொடவில்லை. ஆனாலும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கால் பக்கத்து வீட்டைப் பார்த்தோம். அந்தக் கன்னட வீட்டுக் கௌரம்மாவும் அவர்கள் ஜன்னல் இடுக்கால் எங்களைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. எல்லாம் அடங்கிய பிறகும் நானும் கௌரம்மாவும் ஒரே நேரத்தில் குழாயடிக்குப் போவதில்லை. யார் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. உன் அப்பா தமிழ்ப் பாட்டு டேப்புகளை எல்லாம் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். நம் வயரில் மாதக்கணக்கில் கன்னடமும் இந்தியும்தான் ஓடின. தமிழ் வீடுகளில் மெல்லக் கேட்க ஆரம்பித்தார்கள். உன் அப்பா கேட்கவில்லை. "எவனாச்சும் கல்லெடுத்தா யாரு பதில் சொல்றது? வயரு நம்ம வயரு" என்றார்.

அவர் பயந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. ஒரு நாள் மத்தியானம் நேராகக் கௌரம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உங்களுக்கு ஒரு பாட்டுப் போடலாம்னு இருக்கேன், கௌரம்மா. என்ன பாட்டு வேணும்?"

"நனகா? யாகே?" எனக்கா, எதற்கு என்றார். சந்தேகம்தான்.

"நான் கேக்கறேன், உங்களுக்காக. கன்னடப் பாட்டு. ஞாயித்துக்கிழமை டிவியில உங்க பேரைச் சொல்லிப் போடுவேன். தெருவே பாக்கும்."

உடனே ஒரு படகுப் பாட்டைச் சொன்னார், கல்யாணமான புதிதில் பார்த்த படமாம். அந்தப் பாட்டை மனதுக்குள் வைத்துக்கொண்டே அத்தனை மாதமும் என்னை முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு நான் மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். "அடுத்தது நீங்க போன் பண்ணி எங்க வீட்டுக்கு ஒண்ணு கேளுங்க." "தமிளா?" "தமிழ்தான்." அவரைக்காயைக் கீழே வைத்தார். "பலே கில்லாடிரீ நீவு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கில்லாடித்தனம்தான், நான் மறுக்கவில்லை. தமிழ்ப் பாட்டைக் கேட்டது கன்னட வீடு என்றால், கல்லெடுத்து வருகிறவன் முதலில் கௌரம்மாவைத் தாண்ட வேண்டும். கௌரம்மாவைத் தாண்டி இந்தத் தெருவில் காய்கறி வண்டிகூடப் போனதில்லை.

அப்படி வந்ததுதான் நம் நிகழ்ச்சியின் சட்டம். முதல் பாட்டு கன்னடம். யாரும் தன் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கக் கூடாது, வேறு வீட்டுக்குத்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பிடித்த பாட்டாகவும் இருக்க வேண்டும். எதிர் வீட்டுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாதவருக்கு நான் பாட்டுப் போடுவதில்லை. "தெரிஞ்சுகிட்டு அடுத்த வாரம் போன் பண்ணுங்க" என்று வைத்துவிடுவேன். அதனால் சனிக்கிழமை வந்தால் தெருவில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு திரிவார்கள். பேக்கரி பாஷா பாயிடம் ரொட்டி வாங்க வந்தவர்கள், "பாய், உங்க வீட்டம்மாவுக்கு எந்தப் பாட்டு இஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, ரொட்டியை வாங்க மறந்து போனதுண்டு. பாட்டுப் போடும் முன் நான் சொல்வேன்: இன்ன கிராஸ் தெருவிலிருந்து இன்ன வீட்டுக்கு, கேட்டவர் இன்னார். அதைச் சொல்கிறபோது தெருவில் ஒரு மிக்சி ஓடாது.

எல்லாம் அன்பாகவே நடந்தது என்று எழுதினால் தெருவில் இருக்கிறவர்களே சிரிப்பார்கள். கீழ் வீட்டுச் செல்வி ஒரு நாள் போன் செய்தாள்.

"அக்கா, மாடி வீட்டு சரோஜாவுக்கு ஒரு பாட்டு."

"என்ன பாட்டும்மா?"

"நன்றி கெட்டவங்களைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என் குக்கரை வாங்கிட்டுப் போயி கேஸ்கட் இல்லாம திருப்பி அனுப்பியிருக்கா, மகராசி."

இத்தனையும் ஒளிபரப்பில் போய்க்கொண்டிருக்கிறது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கேட்ட மாதிரியே ஒன்றைத் தேடிப் போட்டேன். பாட்டு முடியும் முன்னால் கேஸ்கட் கீழ் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் சரோஜா போன் செய்து, சண்டைக்காரி செல்விக்கு என்று ஒரு தாலாட்டுக் கேட்டாள், இனியாவது தூங்கட்டும் என்று. இந்தப் பேச்சை எல்லாம்தான் நீ இன்டர்நெட்டில் போடும்போது வெட்டிவிட்டாய். "அதெல்லாம் டெட் டைம்மா. பேரு வாசிக்கறதை எவன் உக்காந்து பாப்பான்? பாட்டுக்குத்தான் வருவாங்க" என்றாய். பாட்டு ரேடியோவில் வருகிறது, கல்யாண மண்டபத்தில் வருகிறது, ஆட்டோவில் வருகிறது. அதற்காகவா ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் வைத்த தலையோடு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்? தங்களை யார் நினைத்தார்கள் என்று பார்க்க வந்தார்கள். அவர்கள் பார்க்க வந்ததை நீ வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உனக்கு இந்தச் சட்டத்தின் மேல் ஒரு பழைய கோபம் உண்டு, எனக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போது உன் பிறந்த நாளுக்கு, அப்போது வந்த ஒரு படத்தின் சைக்கிள் பாட்டைப் போடச் சொன்னாய். அந்தப் படம் வந்ததிலிருந்து வீடு முழுக்க அதையே கத்திக்கொண்டிருந்தாய். முடியாது, நீ என் வீட்டுப் பிள்ளை, என் வீட்டுக்கு நானே கேட்டால் மற்றவர்களுக்கு எந்த முகத்தோடு இல்லை என்று சொல்வேன் என்றேன். நீ அழுதுகொண்டு கௌரம்மாவிடம் ஓடினாய், அவர் போன் செய்து உனக்குக் கேட்டார். போட்டேன். உன் பெயரையும் சொன்னேன். பாட்டு முடிந்து நீ மாடிக்கு வந்து, "கௌரம்மா ஆன்ட்டி கேட்டாங்க. நீ கேக்கலையே" என்றாய். அதற்கப்புறம் அந்தப் பாட்டை நீ வீட்டில் பாடியதில்லை. அன்றைக்கு நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். சட்டம் போட்டவள் வீட்டிலேயே அது வளைந்தால் அதற்குப் பெயர் சட்டம் இல்லை.

அந்தச் சட்டம் எதற்கு என்று நீயே கண்ணால் பார்த்த நாள் ஒன்று இருக்கிறது. நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ஊரில் மறுபடியும் பதற்றம். நகரம் முழுக்கத் தமிழ்ச் சேனல்களை எடுத்துவிட்டார்கள், பஸ் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வேண்டாம் என்றார் உன் அப்பா. கன்னடப் பாட்டு மட்டும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்தது. போன் அடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில், கேமரா முன்னால், சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ புத்தகத்தோடு கதவோரம் நின்றிருந்தாய். அப்புறம் போன் அடித்தது. கௌரம்மா. பக்கத்து வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றார், கன்னடத்தில். "பேரு சொல்லாம போடட்டுமா?" என்று கேட்டேன். "நன் ஹெசரல்லே ஹாக்ரீ" என்றார். என் பெயரிலேயே போடுங்கள் என்று. அவர் பெயரைச் சொல்லித்தான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கௌரம்மா வீட்டு டிவியின் சத்தம் கூடியது, அடுத்து பாஷா பாய் வீட்டில், அடுத்து எதிர் வரிசையில். ஒரே பாட்டு எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. நீ ஜன்னலைத் திறந்து கேட்டாய். திறந்தவன் நீதான்.

அதைக் கேட்டவன்தான் இன்று என்ன செய்திருக்கிறாய் என்று பார். லேப்டாப்பைக் கொண்டுவந்து கௌரம்மா வீட்டு டிவி ஸ்டாண்டில் வைத்து, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாய். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் ஸ்லோ என்றாய். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்தால் நம் கேபிளிலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கடைசியில் பாட்டு வந்தது, தமிழ்ப் பாட்டு. கௌரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நம்ம ஹாடு எல்லி?" எங்கள் பாட்டு எங்கே என்று கேட்டார். "அது தனிப் பக்கம் ஆன்ட்டி. கன்னடம் அங்கே, தமிழ் இங்கே. தேடறவங்களுக்கு ஈஸி" என்று நீ கன்னடத்தில் விளக்கினாய். கௌரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நான் அந்தப் பக்கம், உங்கம்மா இந்தப் பக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுப்பில் ரசம் கொதிக்கிறது என்று எழுந்து போனார். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்ட இரண்டு வீட்டை ஒரு படகுப் பாட்டை வைத்து நான் ஒட்டினேன். தேடுவதற்கு வசதி என்று நீ அதைப் பிரித்து இரண்டு பக்கமாக அடுக்கிவிட்டாய். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டுச் சரிசெய்திருப்பேன்.

உன் பக்க நியாயத்தையும் எழுதுகிறேன், ஒருபக்கமாக எழுதினேன் என்று நீ சொல்லக் கூடாது. பாதித் தெரு வெளியூர் போய்விட்டது, அவர்களும் பார்க்க வேண்டும் என்கிறாய். சரி. செல்வியின் மகள் ஷார்ஜாவில் உட்கார்ந்து பார்த்தாளாம், பார்த்து அழுதாளாம், அதையும் சொன்னாய். அவள் எனக்குப் போன் செய்ததை உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. "பாட்டெல்லாம் சூப்பர் ஆன்ட்டி. ஆனா நீங்க பேரு சொல்றது ஏன் வரல? எங்கம்மா யாருக்குக் கேட்டாங்கன்னு பாக்கத்தான் திறந்தேன்" என்றாள். அவள் அழுதது எதைப் பார்த்தோ, எதைப் பார்க்காமலோ, நீயே யோசித்துக்கொள். இன்டர்நெட்டில் போடாதே என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. போடு. ஆனால் முழுசாகப் போடு. கன்னடமும் தமிழும் நான் போட்ட வரிசையிலேயே வரட்டும். ஒரு பாட்டைத் தொடுகிறவனிடம், இது யாருக்கு என்று முதலில் கேள். இதைச் சொன்னதற்கு நீ தலையில் கை வைத்தாய்.

"அப்படிக் கேட்டா யூசர் எல்லாம் ஓடிடுவாங்கம்மா."

"ஓடட்டும். பதில் தெரிஞ்சவன் இருப்பான்."

"எனக்குப் பிடிச்ச பாட்டை நான் கேக்கறதுக்கு இன்னொருத்தன் பேரை எதுக்கும்மா சொல்லணும்?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எரிச்சலில் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். உனக்குப் பிடித்த பாட்டை நீ தாராளமாகக் கேள், அதற்கு நானோ தெருவோ தேவையில்லை, காதில் வயரை மாட்டிக்கொண்டால் போதும். ஆனால் இந்த ஊரில் நம்மைப் போன்றவர்கள் குடியிருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் நம் பெயரைத் தன் வாயால் சொல்லத் தயாராக இருக்கிற வரைக்கும்தான். அவர் திடீரென்று ஒரு நாள் சொல்லிவிட மாட்டார். ஞாயிறு ஞாயிறாகச் சொல்லிப் பழக வேண்டும், நாமும் அவர் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சேனல் வேண்டும், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வருகிற சேனல். அவரவர் நேரத்தில் அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்கிற இடத்தில், கௌரம்மா என் பெயரைச் சொன்னால் அதை யார் கேட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கல்லெடுக்க நினைக்கிறவனுக்கும் தெரியாது.

கல்யாணமான பிள்ளைக்குத் தாய் எழுதினால் புத்திமதி இல்லாமல் இருக்காது, இதையும் கேட்டுக்கொள். வைட்ஃபீல்டில் உன் ப்ளாட்டுக்கு வந்தபோது எதிர் ப்ளாட்டில் யார் என்று கேட்டேன். "யாரோ நார்த் இந்தியன்ஸ்மா" என்றாய். என்ன செய்கிறார்கள் என்றேன், தெரியாது. பெயர்? தெரியாது. கதவுக்கும் கதவுக்கும் நாலு எட்டு இருக்காது. ரம்யா மட்டும், "அந்தம்மா துணி காயப்போடும்போது ஏதோ பாடுவாங்க அத்தை" என்றாள். அவள் தேறிவிடுவாள். உன்னைப் பற்றித்தான் கவலை. உலகத்துக்கே பாட்டு அனுப்புகிறாய், எதிர்க் கதவுக்கு ஒன்று கேட்கச் சொன்னால் விழிக்கிறாய்.

இனி என் முடிவு. கம்பெனிக்காரர் மறுபடி வரும்போது காகிதத்தில் நம் சேனல் இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் அவருக்கு இன்னொரு காபி. அழுது வாங்கலாம், ரம்யாவை அனுப்பி வாங்கலாம், உன் அப்பாவின் முட்டியைக் காட்டி வாங்கலாம் என்று நினைக்காதே. அவர் முட்டியோடு தினமும் இருப்பவள் நான்.

இன்னும் ஒன்று. இந்த இதழ் வெளிவந்த அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு, வழக்கம்போல் முதல் பாட்டு கன்னடம், கௌரம்மா வீட்டுக்கு. இரண்டாவது பாட்டைக் கேட்கிற ஆள் நானே. இத்தனை வருஷம் என் நிகழ்ச்சியில் நான் உனக்குப் பாட்டுக் கேட்டதில்லை, நீ என் வீட்டில் இருந்தாய். இப்போது உன் கதவில் வேறு நம்பர், உன் கேஸ் சிலிண்டர் வேறு, உன் வீட்டுச் சாம்பாரின் ருசியும் வேறு. சட்டப்படி நீ வேறு வீடு. அந்த வீட்டுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் பாட்டு டேப் பத்திரமாக இருக்கிறது, ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டேன். அது இன்டர்நெட்டில் வராது. உன் ப்ளாட்டுக்கு நம் வயரும் இல்லை. வேண்டுமென்றால் பத்து மணிக்குள் ரம்யாவை அழைத்துக்கொண்டு வந்து, கௌரம்மா வீட்டுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பார். வருவதற்கு முன்னால் எதிர் ப்ளாட் கதவைத் தட்டி, அந்தம்மாவின் பெயரையும் அவர் பாடுகிற பாட்டையும் கேட்டுக்கொண்டு வா. கௌரம்மா வீட்டிலிருந்து போன் செய்து அந்தம்மாவுக்குக் கேட்டால் போடுவேன். அது தெரியாமல் போன் செய்தால், யாராக இருந்தாலும் அடுத்த வாரம்தான்.

ஜீவனஹள்ளி மூன்றாவது கிராஸிலிருந்து, வைட்ஃபீல்டில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு.
கேட்டவர், அம்மா.